புதைத்த ராஜா

கோப்பையின் பிடி மட்டும் மரியதாஸின் விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. மிச்சக் கோப்பை தரையில் கிடந்தது, பதினேழு இடங்களில்.

அவர் தவறவிடவில்லை. அதை மட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போலக் கண்ணாடி பீரோவைத் திறந்து, ஆறாவது கோப்பையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சுவரில் டாரதி அம்மாவின் கைத்தடி ஆணியில் தொங்கியது. அம்மா இறந்த நாளிலிருந்து இம்மி அசையாத தடி. அது காற்றும் இல்லாமல் கையும் படாமல் ஆணியை விட்டு நழுவி, நேராக வந்து அவர் மணிக்கட்டில் 'ட்டக்' என்று ஒரு போடு போட்டது. வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு வாத்தியார் போடுகிற அதே போடு.

தடி உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டது. ராஜா உடைந்து கிடந்தார்.

ராஜா என்றால் அசல் இங்கிலாந்து ராஜா. கிளியூர் போகிற பாதையில் இருக்கும் அந்தப் பழைய காபி எஸ்டேட் பங்களாவுக்கு ஏற்காட்டில் 'கோப்பை பங்களா' என்றுதான் பெயர். டாரதி அம்மாவின் தாத்தா ஆரம்பித்து, அப்பா பெரிய துரை முற்றவிட்ட பைத்தியம் அது. லண்டனில் யாருக்கு முடிசூட்டினாலும், யார் பட்டத்துக்கு வந்து வருஷம் நிறைந்தாலும், அந்த முகம் போட்ட பீங்கான் கோப்பை ஒன்று கப்பலேறி, ரயிலேறி, மாட்டுவண்டியேறி இந்த மலைக்கு வந்துவிடும். விக்டோரியா மகாராணி இரண்டு கோப்பைகளில் இரண்டு வயதில் முறைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் நாலு கோப்பைகளில் ஜோடியாகவும் இரண்டில் தனியாகவும் முறைத்தார்கள். மொத்தம் எட்டுக் கோப்பை, பன்னிரண்டு முகம், இருபத்துநாலு கண். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் மதிய நேரத்தில் அந்தக் கூடத்தில் தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இருபத்துநாலும் கூடவே நகரும்.

உடைந்தவர் ஆறாமவர், எட்டாம் எட்வர்ட். தங்க நிறத் தலைமுடி, பக்கவாட்டு வகிடு, மாப்பிள்ளைக் களை. முடிசூட்டு விழாவுக்கு நாள் குறித்து, கோப்பையெல்லாம் செய்து முடித்த பிறகு, ஒரு பெண்ணுக்காகப் பட்டமே வேண்டாம் என்று போய்விட்டவர். நடக்காத விழாவின் தேதியைச் சுமந்துகொண்டு எண்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பீரோவில் நின்றார். இப்போது அதையும் வேண்டாம் என்று இறங்கிவிட்டார்.

மரியதாஸ் முதல் வேலையாக ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டார். காரணம் உயில்.

டாரதி அம்மா தொண்ணூற்றொரு வயதில் இறந்தபோது, சேலத்திலிருந்து வக்கீல் வந்து படித்தார். மரியதாஸ் குடும்பம் பங்களாவின் பின்கட்டு வீட்டில் குடியிருந்து, கோப்பைகளைத் துடைத்து வரவேண்டும். வருஷாவருஷம் அம்மாவின் நினைவு நாளில் வக்கீல் ஆபீஸ் ஆள் வந்து எட்டையும் எண்ணவேண்டும். பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்ததும், அரக்கு முத்திரை வைத்த இரண்டாவது கவரைப் பிரிக்கவேண்டும். அவ்வளவுதான்.

கவருக்குள் என்ன இருக்கிறது என்று வக்கீல் சொல்லவில்லை. ஏற்காடு சொன்னது. டீக்கடை, சர்ச் வாசல், பஸ் ஸ்டாண்டு மூன்றும் ஒரே மனதாகத் தீர்ப்பு எழுதின: எட்டும் முழுசாக இருந்தால் வீடு மரியதாஸுக்கு, ஒன்று குறைந்தால் மூட்டை முடிச்சோடு அடிவாரத்துக்கு. ஊரே சொன்ன பிறகு மரியதாஸ் வேறு மாதிரி யோசிக்கவே இல்லை. அம்மாவுக்குக் கோப்பைகள் மேல் எவ்வளவு பாசம் என்பதை அவரே கண்ணால் பார்த்தவர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா பீரோவுக்கு முன்னால் வந்து நிற்பார். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிப்பார். உடம்பெல்லாம் நடுங்கும், உதடு துடிக்கும். ஐந்து நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு, தடியை இறக்கி, நீளமாக ஒரு மூச்சு விட்டுப் படுக்கப் போய்விடுவார். ராஜ பரம்பரைக்குப் போடுகிற சல்யூட் என்று மரியதாஸும் பக்கத்தில் விறைப்பாக நிற்பார்.

பன்னிரண்டாவது எண்ணிக்கை வருகிற சனிக்கிழமை. மகள் ஷெர்லின் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வருகிறாள். பின்கட்டு உத்திரத்தில் தொட்டிலுக்குக் கொக்கிகூட மாட்டியாகிவிட்டது.

எண்ண வருகிறவர் குமாஸ்தா சிவக்குமார். ஆள் பார்க்கச் சாது. ஆனால் வரும்போதெல்லாம் ஏரிக்கரையிலிருந்து மிளகாய் பஜ்ஜி வாங்கி வருவார். பொட்டலத்தைத் தாண்டிச் சட்டைப் பையையே நனைக்கிற பஜ்ஜி. "மொதல்ல சாப்பிடுங்கண்ணா" என்று இரண்டைக் கையில் திணிப்பார். கை கழுவ எழுந்தால், நேரமாகிவிட்டது, கோப்பையை எடுங்கள் என்பார். ஒரு வருஷம் விக்டோரியாவை மேஜை விளிம்பில் பாதி அந்தரத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியை ரசித்தார். இன்னொரு வருஷம் மரியதாஸ் ஐந்தாம் ஜார்ஜை ஏந்தி நின்றபோது, பின்னால் வந்து காண்டாமிருகம் மாதிரி தும்மினார். எண்ணி முடித்து 'எட்டு' என்று எழுதும்போது அவர் முகம் பரீட்சையில் தோற்றவன் முகமாகத் தொங்கிப்போகும். நம்மைக் கிளப்புவதற்கு ஆபீஸிலேயே சொல்லி அனுப்புகிறார்கள் என்பது மரியதாஸின் மனைவி தேவகுமாரியின் கட்சி.

அப்பேர்ப்பட்ட ஆளிடம் ஏழு கோப்பையைக் காட்ட முடியுமா?

மரியதாஸ் பதினேழு சில்லுகளையும் பிடியையும் துண்டில் முடிந்துகொண்டுபோய், கொல்லையில் ஆரஞ்சு மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். மேலே மண்ணைத் தள்ளி மிதித்தார். பழக்க தோஷத்தில் சிலுவை அடையாளமும் போட்டுவிட்டார்.

அவர் கூடத்துக்குத் திரும்பியபோது தேவகுமாரி பீரோ முன்னால் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு குறையுதுங்களே."

"காணோம்" என்றார் மரியதாஸ். உடைத்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய் வேறு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

"பூட்டுன பீரோவுல இருந்து எப்படிங்க காணாமப் போகும்?"

"அதைத்தான் புள்ள, நானும் யோசிச்சுட்டு இருக்கறேன்."

காணாமல் போனது என்று ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம் செவ்வாய்க்கிழமை சொல்லவே கூடாது. செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருடைய இலாகா. கொலுசு, ரேஷன் கார்டு, ஓடிப்போன ஆடு, எது தொலைந்தாலும் மனு அவரிடம்தான் போகும். தேவகுமாரி சாயங்காலம் நவநாள் செபத்துக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தியோடு புறப்பட்டாள். மரியதாஸ் தலைவலி என்று படுத்துக்கொண்டார். உடைந்ததை யார் தேடினால் என்ன, எங்கிருந்து வரப்போகிறது என்ற தைரியம்.

புதன்கிழமை காலை அது வந்துவிட்டது.

பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. வாசல் கதவைத் திறந்தவரின் காலடியில், மேல்படியில், தங்க முடி ராஜா உட்கார்ந்திருந்தார். முழுசாக. ஒரு கீறல் இல்லை. பிடியும் இருந்தது. கோப்பை நிறைய ஈர மண் இருந்தது. வேர் ஒன்று விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கியது. நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணோடு ராஜா அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

மரியதாஸ் செருப்பில்லாமல் ஆரஞ்சு மரத்துக்கு ஓடினார். நேற்று மிதித்த மண் கிளறிக் கிடந்தது. உள்ளிருந்து யாரோ கையை ஊன்றி எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம். பெருச்சாளி தோண்டியிருக்கும் என்று சாதாரண நாளில் சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொல்லத் தெம்பில்லை. பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கவும் தெம்பில்லை.

சரி, எப்படி வந்தால் என்ன, எட்டு ஆகிவிட்டதே. ராஜாவைக் குளிப்பாட்டி ஆறாவது இடத்தில் வைத்தார். தேவகுமாரி ஆனந்தக் கண்ணீரோடு அந்தோணியாருக்கு நன்றி சொன்னாள்.

வியாழக்கிழமை காலை படியில் இன்னொரு ராஜா இருந்தார்.

அதே முகம், அதே வகிடு, அதே சிரிப்பு. இந்த முறை உள்ளே சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்தது, ஒன்றிரண்டு நரைமயிரோடு. அரைமணி கழித்துக் கதவைத் திறந்தால் மூன்றாவது. அதில் ஒரு கோழி இறகு. பத்து மணிக்கு நான்காவது. ஆள் யாரும் இல்லை. பனிக்குள் மெத்தென்று நடந்து தேய்கிற காலடிச் சத்தம் மட்டும்.

புதைத்த ராஜா ஷேவிங் செய்துகொண்டு, கோழி தின்றுவிட்டு, மணிக்கொரு தடவை வீட்டுக்கு வருகிறார் என்ற முடிவுக்கு மரியதாஸ் வந்தார். வேறு எந்த முடிவுக்கும் அந்தச் சாட்சியங்கள் இடம் கொடுக்கவில்லை. மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

தொலைத்துக் கட்டுவது என்று தீர்மானித்தார். நான்காவதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், சேலம் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் வைத்துவிட்டு, பஸ் கிளம்புவதற்குள் இறங்கிவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி இறங்கட்டும், சேலத்து வெயிலில் ஆவியாகட்டும். லேசான மனதோடு வீடு வந்து சோறு தின்றார். மூன்று மணிக்கு வாசலில் மணி அடித்தது. படியில் அதே செய்தித்தாள், அதே மடிப்பு. உள்ளே ராஜா. மலை இறங்கி, மலை ஏறி, கொஞ்சமும் களைப்பில்லாத சிரிப்பு.

அலறாமல் இருக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு கூடத்துக்குள் ஓடினார். அங்கே இதைவிடப் பெரிசு காத்திருந்தது.

பூட்டிய பீரோ திறந்து கிடந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. கூடம் முழுக்கப் பனி. எட்டுக் கோப்பைகளும் தட்டின் விளிம்பு வரை நகர்ந்து வந்து, அடிப்பாகம் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, கிணற்றில் குதிக்கப் போகிறவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. சுவரோரம் தடி அதுவாக ஒரு முறை தரையைத் தட்டியது. ட்டக்.

அத்தனையையும் உள்ளே தள்ளிப் பூட்டினார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மறுபடியும் விளிம்பில் நின்றன. விக்டோரியா மகாராணி முக்கால்வாசி வெளியே இருந்தார்.

"என் கையால ஒண்ணு போனதுக்கு மிச்சத்தையும் கூட்டிட்டுப் போகப் பார்க்கறீங்களாம்மா?" என்று தடியைப் பார்த்துக் கும்பிட்டார் மரியதாஸ். பிறகு காரியத்தில் இறங்கினார். தேவகுமாரி மிச்சம் வைத்திருந்த அந்தோணியார் மெழுகுவர்த்திகளை உருக்கி, எட்டுக் கோப்பைகளின் அடியிலும் ஊற்றி, தட்டோடு தட்டாக ஒட்டினார். பீரோவைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்து மேலே கட்டினார். தடியை ஆணியில் மாட்டிச் சணல் கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றினார். அன்றிரவு விக்டோரியா நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைதான் ராஜாவின் கால்கள் யாருடையவை என்று தெரிந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தவர், பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் முக்காட்டோடு வந்து குனிவதைப் பார்த்தார். கதவைப் படாரென்று திறந்தார். உருவம் 'அந்தோணியாரே' என்று படியில் உட்கார்ந்துவிட்டது.

பாவாயி. கிளியூரில் நிலம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொய்யாவும் ஆரஞ்சும் விற்பவள். முருகனுக்குக் காவடி எடுக்கிற குடும்பம். மடியில் ராஜா.

"என்னைய ஒண்ணும் பண்ணீராத சாமி. எங்க மாமனாரோட அப்பனுக்குப் பெரிய துரை குடுத்ததுன்னுதான் சொல்லுவாங்க. குடுத்ததோ, எடுத்ததோ, ஆருக்குத் தெரியும்? சாமை அளக்க வெச்சிருந்தேன். நேத்திருந்து கையில எடுத்தாலே நடுக்கமா வருது."

மரியதாஸ் உட்கார வைத்துக் காபி கொடுத்து விசாரித்தார். கதை இவ்வளவுதான். புது ராஜாவின் முடிசூட்டைக் கொண்டாட எஸ்டேட் ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோப்பை கொடுப்பதென்று துரை பெட்டி பெட்டியாக வரவழைத்தார். வந்து இறங்குவதற்குள் ராஜா ஓடிவிட்டார். தம்பி பட்டத்துக்கு வந்தார். துரை மகா கஞ்சன். தம்பியின் விழாவுக்கு அண்ணன் கோப்பையையே கொடுத்துவிட்டார். விழாத் தேதி மாறவில்லையே, அப்புறம் மூஞ்சி எதுவாக இருந்தால் என்ன என்றாராம். அதிலிருந்து மலையில் பாதி வீட்டில் இந்த ராஜா மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறார். ஒரு வீட்டில் மணி பிளாண்டு தொட்டி, ஒரு வீட்டில் ஷேவிங் கிண்ணம், ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர்.

"அதெல்லாஞ் சரி, இப்ப எதுக்கு அல்லாரும் கொண்டாந்து வெக்கறீங்க?"

பாவாயி தேவகுமாரியைப் பார்த்தாள். தேவகுமாரி சுவரைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வெறுமனே மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றவில்லை. உபதேசியாரிடம் சொல்லி மைக்கில் அறிவிப்பும் கொடுத்திருந்தாள். தங்க முடி ராஜா கோப்பையை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் பங்களா வாசலில் வைத்துவிடவும். பெயர் கேட்கப்பட மாட்டாது. வைக்காதவர்களை அந்தோணியார் நேரில் வந்து விசாரிப்பார். அந்த ஒலிபெருக்கி கிளியூர் அருவி வரைக்கும் கேட்கும். சேலம் பஸ் கண்டக்டரும் நவநாளுக்கு வந்திருந்தார்.

மரியதாஸ் உச்சி முதல் உள்ளங்கால் வரை நிம்மதியானார். பேயும் இல்லை பிசாசும் இல்லை. பீரோ திறந்ததும் கோப்பைகள் நகர்ந்ததும் மட்டும் கணக்கில் இடிக்கிறது. ஆனால் பழைய மரத் தரை, லாரி போனால் அதிரும், அப்படி வைத்துக்கொள்ளலாம். பாவாயி போனதும் மனைவியிடம் உண்மையைக் கக்கினார்.

"ஒடைச்சதைக் காணோம்னு சொல்லி என்னைய அந்தோணியார்கிட்டப் பொய் சொல்ல வெச்சுப்போட்டீங்களே" என்று அவள் அரைமணி அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டாள்: "சில்லெல்லாம் எங்கெ?"

அவள் சொன்னதும் நியாயம்தான். நாளைக்கு அந்தக் குமாஸ்தா கொல்லைப் பக்கம் போய்க் காலில் ஒரு சில்லு குத்தினால் போதும். இரண்டு பேரும் ஆரஞ்சு மரத்தடியில் தோண்டிப் பதினேழையும் பிடியையும் பொறுக்கினார்கள். உரலில் போட்டு, மாறி மாறி உலக்கை பிடித்து, கோலமாவு பதத்துக்கு இடித்தார்கள். ராஜாவின் சிரிப்பு கடைசி வரை மாவாக மறுத்தது. தேவகுமாரி அதற்கென்று தனியாக நாலு குத்துக் குத்தினாள். மாவை அருவி ஓடையில் கரைத்தார்கள். எட்டாம் எட்வர்ட் வெள்ளைப் புகை மாதிரி நீரோடு போனார்.

எண்ணிக்கைக்கு மேல் இருப்பதும் ஆபத்து, எங்கே திருடினாய் என்று கேட்பார்கள். வெள்ளி இரவு வரை படியில் வந்து சேர்ந்ததில் மிஞ்சிய பதிமூன்று ராஜாக்களும் கோணிச் சாக்கில் சமையலறைப் பரணுக்கு ஏறினார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, பனியைக் கிழித்துக்கொண்டு சிவக்குமார் வந்தார். ஒரு கையில் அரக்குக் கவர் இருந்த பை. மறு கையில் பஜ்ஜி. இந்த வருஷப் பொட்டலம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்திருந்தது.

"கடைசி வருசமுங்கண்ணா, நல்லா சாப்பிடுங்க. கையைத் தொடைக்காதீங்க, தொடைச்சா ருசி போயிரும்."

மரியதாஸ் நான்கு பஜ்ஜி தின்றார். தின்றபடியே எண்ணெயை முழுக்கத் தலையில் தடவிக்கொண்டார். பன்னிரண்டு வருஷப் பயிற்சி.

பீரோ திறந்தது. சிவக்குமார் எட்டையும் பார்த்தார். ஆறாவதை நீண்ட நேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னார். மெழுகில் ஒட்டிய விக்டோரியா வர மறுத்தார். மரியதாஸ் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ராணி 'பொளக்'கென்று பெயர்ந்து வந்த அதே நொடியில், சுவரில் மூன்று சுற்றுச் சணல் கயிறு தெறித்தது. தடி அந்தரத்தில் ஒரு சுழற்று சுழன்று அவர் மணிக்கட்டில் இறங்கியது.

ராணி பறந்தார். உத்திரம் வரைக்கும் போனார். அங்கே ஒரு கணம் நின்று கூடம் முழுவதையும் சுற்றிப் பார்த்த மாதிரி இருந்தது. சிவக்குமார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து, கண் பளபளக்க அண்ணாந்து நின்றார்.

ஐம்பத்தொன்பது வயது மரியதாஸ் பாய்ந்தார். நாற்காலியைத் தாண்டி, மேஜைக்கு அடியில் சறுக்கி, தரைக்கு நாலு விரற்கடை மேலே, இடது உள்ளங்கையில் மகாராணியை ஏந்தினார். இன்றைக்கும் ஏற்காட்டில் அந்தக் கேட்சைப் பற்றிப் பேசுகிறார்கள், பார்த்தவர்கள் இரண்டே பேர் என்றாலும்.

சிவக்குமார் முகம் தொங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "பிடிச்சுட்டீங்களே" என்றார், செத்த வீட்டுக் குரலில்.

அப்போது சமையலறைப் பக்கம் 'சலீர்' என்று ஒரு சத்தம். பரணில் பூனை ஏறியிருக்கவேண்டும். பதிமூன்றில் ஒருவர் இறங்கிவிட்டார்.

சிவக்குமார் துள்ளி எழுந்தார். "ஏதோ ஒடைஞ்சுதுங்களே. பீங்கான் மாதிரி கேட்டுச்சே. கோப்பைங்களா?"

"ஏனுங்க, தேங்காத் தொட்டியைப் பூனை தள்ளிருச்சுங்க" என்று உள்ளிருந்து தேவகுமாரியின் குரல் வந்தது. எட்டும் இதோ இங்கேதானே இருக்கின்றன என்று மரியதாஸ் சுட்டிக் காட்டினார். சிவக்குமார் ஒவ்வொன்றாக எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"அண்ணா, நல்லா யோசிச்சு மனசார ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பன்னெண்டு வருசத்துல உங்க கையாலயோ, அக்கா கையாலயோ, ஒண்ணுகூட ஒடையலீங்களா? ஒரு சின்னச் சில்லு இருந்தாக்கூடப் போதுமுங்க. நான் எழுதிக்குவேன்."

எவ்வளவு நைச்சியமாகப் பொறி வைக்கிறான் பார் என்று மரியதாஸ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எழுந்து நின்றார். சுவரில் இருந்த அந்தோணியார் படத்தின் மேல் வலது கையை வைத்தார்.

"என் மகள் வயித்துல இருக்கற பிள்ளை மேல சத்தியமுங்க. ஒரு கீறல் விழுகல."

தடி தரையைத் தட்டியது. ட்டக், ட்டக், ட்டக். யாரோ தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி நிறுத்தாமல் தட்டியது. லாரி எதுவும் போகவில்லை.

சிவக்குமார் 'எட்டு, முழுமையாக' என்று எழுதினார். மரியதாஸ் கையெழுத்துப் போட்டார். தேவகுமாரி சமையலறை வாசலில் வந்து நின்று, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குமாஸ்தா அரக்கை உடைத்து, ஒற்றைத் தாளை எடுத்து, தனக்குள் ஒரு தடவை படித்தார். அவருக்கு அது மனப்பாடம் என்பது உதட்டசைவிலேயே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியில் எண்ணெய் இருந்தது.

"ஊடு எங்களுக்குத்தானுங்களே?" என்றார் மரியதாஸ், விக்டோரியாவை இன்னும் நெஞ்சோடு அணைத்தபடி.

"சொல்லக் கூடாதுன்னு அம்மா என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்கண்ணா. 'தொண்ணூறு வருசம் இந்தச் சனியனுகளைத் தொடைச்சே என் காலம் போச்சு, தெனமும் தடியை ஓங்குவேன், அப்பா நெனப்பு வந்து கை இறங்காது. பன்னெண்டு வருசத்துக்குள்ள இதுல ஒண்ணை எவன் போட்டு ஒடைக்கறானோ அவனுக்கே பங்களாவும் தோட்டமும்'னு எழுதி வெச்சிருக்காங்க. அதுக்குத்தானுங்க நான் வருசாவருசம் பஜ்ஜி வாங்கிட்டு வந்தேன்."